கயிறு சொல்வதை நம்பாதீர்கள்

சின்ன இன்ஜின், பெரிய சந்தேகம்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் மரம் அறுக்கும் பழைய செயின்சாவைப் பற்றி நாலே வரி எழுதினேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், பரணிலும் கொட்டகையிலும் தூங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் ஒரே வாரத்தில் கீழே இறங்கிவிட்டன போலிருக்கிறது. அதனால் இந்த முறை முழுக்க அதேதான்.

கேள்வி: தாத்தாவின் செயின்சா பல வருடமாகச் சும்மா கிடந்தது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் ஒரு விரற்கடை கூட வரவில்லை. இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது, அதாவது உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டது என்கிறார்கள். இதுவரை நான் பிரித்தது சைக்கிள் மட்டும்தான். நானே பிரிக்கலாமா?

பதில்: தாராளமாகப் பிரிக்கலாம். ஆனால் இன்ஜின் சீஸ் என்று யார் சொன்னது? கயிறு சொன்னது. கயிறு பொய் சொல்லும்.

தொழில் பழகிய புதிதில் ஒரு செயின்சாவுக்கு நாலு நாள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். ஐந்தாம் நாள் மேஸ்திரி வந்து முன் கைப்பிடியின் முன்னால் இருக்கும் பிரேக் லீவரைப் பின்னால் இழுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். கிளட்ச்சில் பழைய செயின் ஆயில் கோந்து மாதிரி இறுகியிருந்ததோடு பிரேக்கும் பிடித்திருந்தது, அவ்வளவுதான். இன்ஜின் நன்றாகவே சுற்றியது. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

அதனால் முதலில் பிரேக்கை விடுவியுங்கள். செயினையும், அது ஓடும் நீளத் தகடான பாரையும் கழற்றி வையுங்கள். பிறகு கயிறு இருக்கும் ஸ்டார்ட்டர் மூடியை முழுதாக எடுத்துவிடுங்கள். உள்ளே பிளைவீல், அதன் நடுவில் ஒரு நட்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு, நட்டு இறுகும் திசையில் ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சுற்றினால் இன்ஜின் பிடிக்கவில்லை, குற்றவாளி ஸ்டார்ட்டராகவோ கிளட்ச்சாகவோ இருக்கும். ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் துருப்பிடித்துச் சுருண்டு நிற்பது சகஜம். அதைப் பிரிக்கும்போது மட்டும் முகத்தைத் தள்ளி வையுங்கள், பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வெளியே வரும்.

திருப்பியும் அசையவில்லையா? சரி, இப்போதுதான் சீஸ் என்று பேசலாம். அடுத்து சைலன்சரைக் கழற்றுங்கள். இரண்டு மூன்று போல்ட்தான். புகை வெளியேறும் அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் பெரும்பாலும் பிஸ்டனின் பக்கவாட்டும் ரிங்கும் தெரியும். இன்ஜினைப் பிரிக்காமலே அதன் கதையைப் படிக்க இருக்கிற நல்ல ஜன்னல் அது. பிஸ்டன் வழவழப்பாக இருந்து, ரிங் பக்கம் பழுப்பேறியிருந்தால் அது நின்று பிடித்த இன்ஜின், அதாவது சும்மா கிடந்து ஈரத்தில் துருவேறிப் பிடித்தது. பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, உலோகம் இழுபட்டுப் பூசினாற்போல் இருந்தால் அது ஓடிப் பிடித்தது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று தெரியாமல் ஒரு பாகமும் வாங்காதீர்கள்.

கேள்வி: நீங்கள் சொல்லும் 'நின்று பிடித்தது' வகைதான். பிளக் ஓட்டையில் எண்ணெய் விட்டு இரண்டு நாளாயிற்று. அசையவில்லை. சுத்தியல் எடுக்கலாமா?

பதில்: சுத்தியலைப் பூட்டி வைத்துவிட்டு, சாவியை வேறு யாரிடமாவது கொடுங்கள்.

இரண்டு நாள் போதாது. ஒரு வாரம் விடுங்கள். துரு இளக்கும் எண்ணெய் நல்லது, இல்லாவிட்டால் டீசலும் வேலை செய்யும். பிஸ்டன் கீழே நின்றிருந்தால் புகை ஓட்டை திறந்தே இருக்கும், ஊற்றியதெல்லாம் அந்த வழியாகத் தரைக்குப் போய்விடும். ஓட்டை மேலே பார்க்கும்படி இன்ஜினைச் சாய்த்து வைத்தால் எண்ணெய் உள்ளே தங்கும். தினம் ஒருமுறை ஸ்பேனரால் அந்தப் பக்கம் ஒரு அழுத்து, இந்தப் பக்கம் ஒரு அழுத்து. நட்டு கழலாத அளவுக்கு. மயிரிழை அசைந்தாலும் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதற்கும் மசியவில்லையென்றால் சிலிண்டரின் அடியில் இருக்கும் நாலு போல்ட்டையும் கழற்றிவிட்டு, கிராங்கை, அதாவது பிளைவீல் மாட்டியிருக்கும் தண்டை, திருப்பிப் பாருங்கள். சிலிண்டர் தனியாக எழும்பக்கூடிய மாடலாக இருந்தால், பிஸ்டன் தன்னோடு சிலிண்டரையே மேலே தூக்கிக்கொண்டு வரும். பிறகு இரண்டையும் கையில் வைத்து மரச் சுத்தியால் சாவகாசமாகப் பிரிக்கலாம். இந்த வித்தையைக் கற்றுக்கொள்வதற்கு முன் நான் செய்த பாவங்கள்: பிளைவீலின் விசிறி இதழில் தட்டி மூன்று இதழ் உடைத்தது, புகை ஓட்டைக்குள் திருப்புளி விட்டு நெம்பி பிஸ்டனையும் ஓட்டையின் விளிம்பையும் சேர்த்துக் கெடுத்தது. இதழ் உடைந்த பிளைவீல் சமன் தப்பி ஆடும்.

நெருப்பு வைத்துச் சூடாக்கச் சொல்வார்கள். வேண்டாம். பெட்ரோல் டேங்க் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதோடு பல செயின்சாக்களின் கிராங்க் கூடு மெக்னீசியம். அதன் துருவல் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினால் அணையாது, இன்னும் மூர்க்கமாக எரியும். தலை உலர்த்தும் டிரையர் சூடே போதும்.

விடுபட்ட உடனே ஸ்டார்ட் செய்யத் துடிப்பீர்கள். எனக்குத் தெரியும். ரிங்கை அரித்த துரு பேரிங்கை மட்டும் விட்டு வைத்திருக்குமா? பிளைவீலைக் கையால் சுற்றிக் கேளுங்கள். மணல் அரைபடுவது போல் இருந்தால் கூட்டைப் பிளந்து பேரிங், ஆயில் சீல் இரண்டையும் மாற்ற வேண்டும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்தால் துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தால் பரவாயில்லை, அது அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: என்னுடையது ஓடிப் பிடித்தது. பிஸ்டன் நாசம். சிலிண்டரிலும் கோடுகள். ஒரு பட்டறையில் 'போர் அடித்துத் தருகிறோம்' என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பெரும்பாலான செயின்சா சிலிண்டர்கள் அலுமினியம். உள்சுவரில் நிக்கல்-சிலிக்கன் கார்பைடோ கடின குரோமோ பூச்சாக இருக்கும், ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்குதான் அதன் கனம். போர் அடித்தால், அதாவது உள்சுவரைக் கடைந்து அகலப்படுத்தினால், அந்தப் பூச்சே போய்விடும், பிறகு சிலிண்டர் பேப்பர் வெயிட்டுக்குத்தான் ஆகும். இரும்பு உறை போட்ட சில பழைய மாடல்களின் கதை வேறு.

நல்ல செய்தி என்னவென்றால், நீங்கள் பார்க்கும் கோடுகளில் பெரும்பகுதி சிலிண்டரின் காயமே அல்ல. பிஸ்டனின் அலுமினியம் உருகி அங்கே அப்பியிருக்கிறது. நகத்தால் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டினால் அப்பியது. பள்ளமாக விழுந்தால் காயம். அப்பியதை மெல்லிய உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுக் கையாலேயே பொறுமையாகத் தேய்த்து எடுக்கலாம். சிலர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவுவார்கள். அது அலுமினியத்தைத் தின்னும், நிக்கல் பூச்சைப் பெரிதாகத் தொடாது. ஆனால் குரோமைத் தின்னும், மெக்னீசியம் கூட்டை அதைவிட வேகமாகத் தின்னும், உங்கள் நுரையீரலுக்கும் நல்லதில்லை. முதல் தடவை பிரிப்பவருக்கு உப்புத்தாளே போதும் என்பது என் கட்சி. பூச்சே உரிந்து அடியில் வேறு நிறம் தெரிந்தால் புது சிலிண்டர்தான்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி: ஏன் பிடித்தது?

எனக்கென்று நான் முதன்முதலில் பிரித்த செயின்சா மாமாவுடையது. ஓடிப் பிடித்ததுதான். புது பிஸ்டன், புது ரிங் போட்டேன், சிலிண்டரைப் பளபளவென்று தேய்த்தேன். ஸ்டார்ட் ஆனது. சத்தம் அத்தனை கூர்மையாக, உற்சாகமாக இருந்தது. மாமா கை தட்டினார். இரண்டு நிமிடம். பிறகு கூர்மை இன்னும் கூடிச் சட்டென்று நின்றது. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால், பழைய பிஸ்டனில் இருந்த அதே கோடு, அதே பக்கத்தில், புதியதிலும்.

கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதன் மடிப்பில், இழுத்துப் பார்த்தால் மட்டும் தெரியும்படி ஒரு கீறல். அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்திருக்கிறது. செயின்சாவில் இருப்பது போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் தனியாக வருவதில்லை, பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் சூடும் ஏறும், எண்ணெயும் குறையும். பிஸ்டன் வீங்கிச் சுவரைப் பிடிக்கும். நான் கேட்டு ரசித்த அந்தக் கூர்மையான சத்தம் அதுதான்.

அதனால் பழைய பிஸ்டனைத் தூக்கி எறியாதீர்கள். கோடு புகை போகும் பக்கம் மட்டும் இருந்தால், பெரும்பாலும் காற்றுக் கசிவு அல்லது கார்புரேட்டர் திருகு அளவுக்கு மீறி மூடியிருக்கிறது. சுற்றிலும் இருந்தால், யாரோ ஆயில் கலக்காமல் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள். காற்று வரும் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால், கிழிந்த பில்டர் வழியாக மரத்தூள் போயிருக்கிறது.

புதியதை மாட்டியதும், கார்புரேட்டர் பக்கத்தையும் சைலன்சர் பக்கத்தையும் சைக்கிள் டியூப் துண்டு வைத்து அடைத்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாகவோ வேறு வழியாகவோ சுமார் அரை பார் அழுத்தத்துக்குக் காற்றை ஏற்றி மீட்டரைப் பாருங்கள். முள் சரியக் கூடாது. சரிந்தால் சோப்புத் தண்ணீர் தடவித் தேடுங்கள். கிராங்கின் இரு முனையிலும் இருக்கும் ஆயில் சீல்தான் வழக்கமான திருடன். பிறகு காற்றை உறிஞ்சியும் பாருங்கள். ஊதும்போது நல்ல பிள்ளையாக இருக்கும் சீல் உறிஞ்சும்போது விட்டுக்கொடுக்கும். இந்தச் சோதனை எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் மாமாவின் கைதட்டல் வீணாகியிருக்காது.

கேள்வி: கிளட்ச் கழலவே மாட்டேன் என்கிறது. இரண்டு ஆள் பலம் போட்டும் இறுகிக்கொண்டே போகிறது.

பதில்: இறுக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பெரும்பாலான செயின்சாக்களில் அது எதிர்மரை. கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால் கழலும். பிஸ்டனைத் தடுத்து நிறுத்த ஸ்டார்ட்டர் கயிற்றை பிளக் ஓட்டை வழியாகத் திணிக்கலாம், ஆனால் பிஸ்டன் மேலேறி ஓட்டைகளை மூடிய பிறகு. இல்லாவிட்டால் கயிறு ஓட்டையில் மாட்டிக்கொள்ளும், அதை எடுக்க எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

கேள்வி: சிலிண்டரை மாட்டும்போது ரிங் இரண்டு முறை உடைந்துவிட்டது. என் கை அவ்வளவு முரடா?

பதில்: கை முரடு அல்ல. ரிங் பள்ளத்தில் ஊசி முனை போல ஒரு குட்டிப் பின் இருக்கிறது, பார்த்தீர்களா? ரிங்கின் இரு முனையும் அந்தப் பின்னை அணைத்தபடி உட்கார வேண்டும். பின் மேல் ஏறி நின்றால் உடையும். அதேபோல், பாதி இறங்கிய சிலிண்டரை இடமும் வலமுமாகத் திருகாதீர்கள். ரிங் முனை ஓட்டைக்குள் எட்டிப் பார்க்கும், அப்புறம் உடையும். பிஸ்டன் தலையில் அம்புக்குறி இருந்தால் அது புகை போகும் பக்கம் பார்க்க வேண்டும். எண்ணெய் தடவி, இரு கட்டை விரலால் அமுக்கிக்கொண்டு நேராக இறக்குங்கள்.

பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பெரிய பின்னின் இரு பக்கமும் வரும் லாக்குகள் புதிதாகவே இருக்கட்டும். மாட்டும் முன் கிராங்க் கூட்டின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். ஒரு லாக் உள்ளே விழுந்து, கூட்டைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கியபடி ஒரு மாலை முழுதும் கழித்தவன் சொல்கிறேன்.

கேள்வி: எல்லாம் மாட்டியாயிற்று. பிளக் ஓட்டையில் சில சொட்டு பெட்ரோல் விட்டால் ஓடுகிறது, உடனே நின்றுவிடுகிறது.

பதில்: அப்படியானால் தீப்பொறியும் அமுக்கமும் சரி, சாப்பாடுதான் போகவில்லை. டேங்குக்குள் இருக்கும் குழாய் கல்லாகியிருக்கும், பில்டர் அடைத்திருக்கும். கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்திருந்தால் கிட் வாங்கி மாற்றுங்கள். இதெல்லாம் செய்தும் வரவில்லையென்றால் கார்புரேட்டர் பக்கத்துக் கேஸ்கட்டைப் பாருங்கள். கிராங்க் கூட்டின் மூச்சுதான் அந்த டயாபிரத்தை அசைத்து பெட்ரோலை இழுக்கிறது. பல மாடல்களில் அந்த மூச்சு கேஸ்கட்டில் உள்ள ஒரு சிறு துளை வழியாகத்தான் வரும். கேஸ்கட்டைத் திருப்பி மாட்டினால் துளை மூடிக்கொள்ளும். நானும் மாட்டியிருக்கிறேன்.

ஓடத் தொடங்கியதும், முழு வேகத்துக்கான பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டரின் 'ஹெச்' திருகை வைத்துக் கூர்மையான சத்தத்தைத் தேடாதீர்கள். மரத்தைத் தொடாமல் முழு வேகத்தில் கொஞ்சம் தடுமாறி, கரகரத்து ஓட வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தத் தடுமாற்றம் தெளிய வேண்டும். ஆயில் அளவு தயாரிப்பாளர் சொன்னபடி. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25. உங்களுடைய மாடலில் செயின் பிரேக்கே இல்லையென்றால் அதைக் காட்சிக்கு வையுங்கள், அல்லது பாரின் முனை எதன் மீதும் படாமல் தடியான துண்டுகளை மட்டும் அறுங்கள். பிரேக் பரவலானது 1970களில்தான். அதற்கு முந்தையவை, பாரின் முனை பட்டு எகிறினால் நேராக முகத்துக்கு வரும்.

கேள்வி: இன்ஜின் ஓடுகிறது, சத்தமும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு போல்ட் மிச்சம். கவலைப்பட வேண்டுமா?

பதில்: குட்டையா, நெட்டையா? நான் ஒரு அட்டையில் செயின்சாவின் படத்தைக் கோணல்மாணலாக வரைந்து, கழற்றும் போல்ட்டை எல்லாம் அந்தந்த இடத்தில் குத்தி வைப்பேன். நீங்கள் அப்படிச் செய்யவில்லை என்று தெரிகிறது. நெட்டையாக இருந்தால் முதலில் சைலன்சரை ஆட்டிப் பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. அங்கே இல்லையென்றால் அளந்து நீளத்தை எழுதி அனுப்புங்கள். அதுவரை கயிற்றைத் தொடாதீர்கள்.