அனிசுல் ஹக்கும், எல்லையில் பதினேழு நாள் நின்ற எங்கள் லாரியும்

கேள்வி: "அண்டை நாடுகளுக்கிடையே வணிகத்தை வளர்க்கப் பாடுபட்ட தொழிலதிபர் என்று யாரைச் சொல்லலாம்? இந்த வர்த்தக சபைத் தலைவர்களால் யாருக்காவது நயா பைசா பிரயோஜனம் உண்டா?"

கேள்வியின் முதல் பாதியோடு நீங்கள் நிறுத்தியிருந்தால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். நயா பைசா என்ற சொல்தான் உறுத்தியது. நீங்கள் எம்.பி.ஏ. படிக்கிறவராக இருப்பீர்கள், புராஜெக்டுக்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன். பெயர் வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள்: வங்கதேசத்தின் அனிசுல் ஹக். பிரயோஜனம் பற்றி எழுதத்தான் இவ்வளவு இடம் தேவைப்படுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவரை நான் நேரில் பார்த்ததில்லை, அவர் நிறுவனத்துக்கு நாங்கள் ஒரு கோன் நூல்கூட விற்றதில்லை. இதைச் சொல்லாவிட்டால் "உங்களுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்க ஆள் வந்துவிடும். பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருடம் ஏற்றுமதி டாக்குமென்ட் பார்த்தவன் நான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எல்.சி. (வாங்குகிறவர் சார்பில் அவர் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) என்று காகிதங்களோடு வாழ்ந்தவன். மேடை ஏறியவனும் இல்லை, சங்கம் நடத்தியவனும் இல்லை.

அனிசுல் ஹக்கின் கதை சுருக்கமாக இது. சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வங்கதேசத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துகிறவராக வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். 1986-ல் முகமதி குழுமத்தைத் தொடங்கி ஆயத்த ஆடைத் தொழிலில் இறங்கினார். 2005-ல் அந்நாட்டு ஆயத்த ஆடை ஏற்றுமதியாளர் சங்கத்துக்குத் தலைவர், 2008-ல் எல்லா வர்த்தக சங்கங்களுக்கும் மேலான கூட்டமைப்புக்குத் தலைவர், 2010 முதல் 2012 வரை தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் வர்த்தக தொழில் சபைக்குத் தலைவர். பிறகு 2015-ல் வடக்கு டாக்காவின் மேயர். மேயராக இருக்கும்போதே நோய்வாய்ப்பட்டு, 2017 நவம்பர் 30 அன்று லண்டனில் இறந்துபோனார்.

டாக்காவுக்குப் பக்கத்தில் நாராயண்கஞ்சில் எங்களிடம் நூல் வாங்கிய முதலாளி ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அனிசுல் ஹக் எத்தனை பதவி வகித்தாலும் இந்த முதலாளிக்கு அவர் "டி.வி.யில் வருகிற பிள்ளை"தான். ஒரு முறை நான் அங்கே போயிருந்தபோது டான்பஜாரைச் சுற்றிக் காட்டினார். அது நூல் கடைத்தெரு. சந்துக்குச் சந்து நூல் மூட்டை, தலையில் சுமந்து ஓடும் கூலியாட்கள், கோனைக் கையில் வைத்து இழையை இழுத்து நகத்தில் தேய்த்துப் பார்க்கும் தரகர்கள். திருப்பூரில் பிறந்தவனுக்கு அந்த ஊரில் மொழி தவிர வேறெதுவும் புதிதாக இருக்காது. பனியன் துணியின் வாடைகூட அதேதான்.

இப்போது லாரிக்கு வருகிறேன்.

வழக்கமாக எங்கள் சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் கப்பல் மாறி, சிட்டகாங் போய்ச் சேரும். 2013-ல் இந்த நாராயண்கஞ்ச் முதலாளிக்கு அவசரம். ஐரோப்பிய ஆர்டர் ஒன்று கையில் இருக்கிறது, கப்பலுக்குக் காத்திருக்க முடியாது, சாலை வழியாகவே அனுப்புங்கள் என்றார். முப்பதாம் நம்பர் கோம்டு ஒசைரி நூல் (பனியன் துணி பின்னும் ரகம்), முந்நூறு அட்டைப் பெட்டிகள், பதின்மூன்றரை டன், சுமார் இருபத்தேழு லட்ச ரூபாய்ச் சரக்கு. சங்ககிரி லாரி ஒன்று பிடித்தோம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஜூலை 12-ஆம் தேதி மேற்கு வங்கத்தின் போன்காவ் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பெட்ராபோல் எல்லை ஐந்தாறு கிலோமீட்டர். டிரைவர் போனில், "சார், வந்துவிட்டேன். நாளைக்கு இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவேன்" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. அந்தப் பக்கம் பெனாபோலில் வெள்ளி விடுமுறை. நம் பக்கம் ஞாயிறு விடுமுறை. இடையில் இருக்கும் சனிக்கிழமையில் முன்னால் வந்த லாரிகள்தான் போகும். எல்லைக்குப் போகும் முன் லாரிகளை ஓர் இடத்தில் வரிசையில் நிறுத்தி, முறை வந்ததும் கார் பாஸ் என்ற அனுமதிச் சீட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை உண்டு. திங்கள் 15-ஆம் தேதி டாக்காவில் போர்க்குற்ற வழக்குத் தீர்ப்பு. அதை ஒட்டி வியாழன் வரை நான்கு நாள் ஹர்த்தால். மறுநாள் மறுபடி வெள்ளி. ரம்ஜான் மாதம் வேறு, அந்தப் பக்கம் மதியத்துக்கு மேல் வேலை மெதுவாகத்தான் நடக்கும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

டிரைவர் தினமும் மாலையில் கூப்பிடுவார். முதல் வாரம் வரிசையைப் பற்றிப் பேசினார். இரண்டாம் வாரம் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் பேச்சு. "சார், நம் ஊர் அரிசி தீர்ந்துவிட்டது. இங்கே வாங்கிய அரிசி குழைந்துபோகிறது. புளி வேறு இல்லை." லாரிக்கு அடியில் பம்ப் அடுப்பை வைத்து, மழைச்சாரல் படாமல் சாக்கைத் தொங்கவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தார். இருபதாம் தேதி வாக்கில் அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "சார், எனக்கு இங்கே ஒரு ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்."

எல்.சி.யில் சரக்கு எல்லை தாண்ட வேண்டிய கடைசித் தேதி ஜூலை 25. லாரி தாண்டியது 29-ஆம் தேதி. நான்கு நாள் தாமதம். படுதாவின் ஓரம் கிழிந்து பதினோரு பெட்டிகள் நனைந்திருந்தன. வங்கி என் டாக்குமென்டைத் திருப்பியது. எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, நான்தான் பெட்ராபோல் கேட்டைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்திருப்பதைப் போலப் பேசினார். நாராயண்கஞ்ச் முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் வியாபாரி. கிலோவுக்கு ஐந்து சென்ட் குறைத்துக்கொண்டுதான் தாமதமான டாக்குமென்டை ஏற்க ஒப்புதல் கொடுத்தார். அதற்கு மறு வருடம் போனபோது ஹில்சா மீன் குழம்போடு விருந்து வைத்தார். அந்தக் குழம்பில் ஒவ்வொரு முள்ளும் எனக்கு ஐந்து சென்டாகத்தான் தெரிந்தது.

இதைச் சொன்னால், "அப்படியென்றால் அனிசுல் ஹக் தலைவராக இருந்தும் ஒன்றும் கிழிக்கவில்லை என்றுதானே ஆகிறது?" என்பீர்கள். அவசரப்படாதீர்கள்.

அவர் சார்க் சபைத் தலைவராக இருந்தபோதுதான் 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்கா போனார். தீஸ்தா நதிநீர் ஒப்பந்தம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனதால் பத்திரிகைகள் அதைத்தான் எழுதின. அதே பயணத்தில் 46 வகை ஜவுளிப் பொருட்களுக்கு இந்தியா தீர்வையை நீக்கியது. அந்த நவம்பரில், குறைந்த வளர்ச்சி பெற்ற சார்க் நாடுகளுக்கு இந்தியா சலுகை தராத பொருட்களின் பட்டியல் 480-லிருந்து 25-ஆகக் குறைந்தது. மிஞ்சியது பெரும்பாலும் மதுவும் புகையிலையும். இதெல்லாம் அனிசுல் ஹக் ஒருவரால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் தலைமை வகித்த சங்கங்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தன. கேட்டுக்கொண்டே இருப்பதற்கும் ஆள் வேண்டும். ஆட்சி மாறும், அதிகாரி மாறுவார், கோப்பு ஊறும். மறுபடி போய் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அந்த வேலையில் சலிப்பு வராதவர்கள் குறைவு.

அவர்கள் கை எட்டாத இடம் அந்த ஐந்தாறு கிலோமீட்டர். டெல்லியில் பட்டியல் சுருங்கினால் போன்காவில் வரிசை சுருங்கிவிடாது. தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வணிகம் மொத்த வணிகத்தில் ஐந்து சதவீதம்தான் என்று உலக வங்கி வருடா வருடம் சொல்கிறது. பெட்ராபோல் எல்லையைத் தாண்டப் பல நாட்கள் ஆகிறது, இதே அளவு போக்குவரத்து உள்ள கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்துக்குள் முடிகிறது என்று 2021-ல் அதே வங்கி எழுதியது. எங்கள் டிரைவர் இதை 2013-லேயே ரேஷன் கார்டு கேட்டுச் சொல்லிவிட்டார். பெட்ராபோலும் பெனாபோலும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கத் தொடங்கியது 2017 ஆகஸ்டில். வேறு வேறு நாளில் வரும் விடுமுறை தொல்லை என்று புரிய அத்தனை காலம் பிடித்தது.

மேயரான பிறகு அவர் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். டாக்காவில் தேஜ்காவ் பகுதியில் சாலையையே லாரி நிறுத்தமாக ஆக்கி வைத்திருந்தார்கள். 2015 நவம்பரில் அதை அகற்ற இவரே நேரில் போனார். லாரிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு சில மணி நேரம் வெளியே விடவில்லை. ஆனாலும் சாலை மீண்டது. இப்போது அந்தச் சாலைக்கு அவர் பெயர். லாரி எல்லை தாண்ட வேண்டும் என்று சார்க் சபையில் பேசியவர் லாரிக்காரர்களிடமே மாட்டிக்கொண்டதை நினைத்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ஆறுதலும் வந்தது. ஏன் ஆறுதல் என்று எனக்கே விளங்கவில்லை.

திருப்பூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கோபம் வரும், தெரியும். என் மச்சான் அங்கே பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். 2010, 2011-ல் நூல் விலை ஏறியபோது, "நூலை வெளியே அனுப்பாதே" என்று ஊரே போராடியது. ஒரு காதுகுத்து விசேஷத்தில் பந்தியில் எல்லோர் முன்னாலும் அவர் என்னிடம், "மாப்பிள்ளை, நீங்கள் அனுப்புகிற நூல்தான் சட்டையாகித் தீர்வை இல்லாமல் திரும்பி வந்து என் வயிற்றில் அடிக்கிறது" என்றார். அவர் கணக்கு தப்பில்லை. ஆனால் எங்கள் ஆலையில் மூன்று ஷிப்டில் அறுநூறு பேர் வேலை பார்த்தார்கள். திருப்பூர் வாங்காத மாதத்தில் அந்தச் சம்பளத்தை நாராயண்கஞ்ச்தான் கொடுத்தது. இதையும் அன்று சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு பதில் பேசவில்லை. அக்கா மட்டும் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை அந்த எல்லையைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை. கோவையிலிருந்து ஹௌராவுக்கு டிக்கெட் விலை பார்த்தேன். அறுபது வயதுக்கு மேல் ஆண்களுக்கு ரயிலில் நாற்பது சதவீதச் சலுகை இருந்தது நினைவிருக்கிறதா? 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை. ஐம்பத்தெட்டு வயது வரை முழு டிக்கெட் வாங்கிப் போனவன், எனக்கு முறை வரும்போது கதவைச் சாத்திவிட்டார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். போகவில்லை, அவ்வளவுதான்.

2025-ல் எல்லாம் தலைகீழானது. ஏப்ரலில் வங்கதேசம் பெனாபோல் உள்ளிட்ட தரைவழி எல்லைகளில் இந்திய நூலை இறக்குமதி செய்வதை நிறுத்தியது. அங்குள்ள நூற்பாலைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தது அது. அவர்களுக்கும் ஒரு மச்சான் இருப்பார் அல்லவா. மே 17-ஆம் தேதி இந்தியா பதிலுக்கு, வங்கதேச ஆயத்த ஆடைகள் கொல்கத்தா, மும்பைக்குப் பக்கத்திலுள்ள நவசேவா ஆகிய துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்றது. அனிசுல் ஹக் உயிரோடு இருந்திருந்தால் மறுபடி டெல்லிக்கு டிக்கெட் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இப்போது யார் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் புராஜெக்டுக்கு அதைக் கண்டுபிடித்து எழுதுங்கள், நயா பைசாவை விட்டுவிடுங்கள்.

அந்த ஏப்ரல் செய்தி வந்த வாரம் சங்ககிரி டிரைவர் எனக்குப் போன் செய்தார். இப்போது அவரே சொந்தமாக இரண்டு லாரி வைத்திருக்கிறார்.

"சார், அந்த வழி இனி கிடையாதாமே?"

"நூலுக்குக் கிடையாது."

"கிளம்புகிற அன்று எனக்குப் பின்னால் நின்ற ஆந்திராக்காரனிடம் என் அடுப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன் சார். அவனுக்கு முறை வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஊருக்குப் போகும்போது சங்ககிரியில் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றான். இன்றுவரை வரவில்லை."