புது பேஸ் கிட்டாரில் ஒரு மயிரிழைக் கோடு

கேள்வி: எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் வாசிப்பதற்காக, பல மாதச் சேமிப்பில் ஒரு பேஸ் கிட்டாரை இணையக் கடையில் வாங்கினேன். ஒலியில் குறையில்லை. ஆனால் கழுத்தும் உடலும் சேரும் மூலையில் மயிரிழைபோல் ஒரு கோடும், அடிவிளிம்பில் மிளகளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்த இடமும், பிரிட்ஜில் (கம்பிகளை உடலோடு பிடித்திருக்கும் உலோகப் பகுதி) இரண்டு துருப்புள்ளிகளும் உள்ளன. ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழா வருவதால் திருப்பி அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. நானே சரிசெய்துகொள்ளலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: இப்போதைக்கு எதையும் தொடாதீர்கள். தேய்த்தோ பூசியோ விட்டால், குறை வரும்போதே இருந்தது என்று காட்ட வழியில்லாமல் போய்விடும். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, வந்த பெட்டியையும் பத்திரப்படுத்தி, கடைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பழுதுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

மூன்றில் கவலைக்குரியது அந்தக் கோடுதான். கெட்டியான பாலியூரிதேன் பூச்சு, கழுத்து இறுக்கமாகப் பொருந்தும் மூலையில், மரம் ஈரத்தில் உப்பிச் சுருங்கும்போது வெடிப்பது வழக்கம். அது பெயிண்டோடு நின்றுவிட்டால் அழகுக் குறை மட்டுமே. கழுத்தைப் பக்கவாட்டில் மெல்ல அசைக்கும்போது கோடு திறந்து மூடினாலோ, பூச்சில்லாத உள்பக்க மரத்திலும் அது தொடர்ந்தாலோ, வெடித்திருப்பது மரம். நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோவுக்கு மேல் இழுக்கும் விசையை அந்த இணைப்புதான் தாங்குகிறது. ஆகவே மரம் வெடித்திருந்தால், திருவிழாவைப் பாராமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மரத்தில் பழுதில்லையென்றால், விலையில் ஒரு பகுதியைக் குறைத்துத் தரும்படி கேட்டுப் பெற்றுக்கொண்டு கிட்டாரை வைத்துக்கொள்வதே என் யோசனை. மிளகளவுக் குறையை, அதே நிற நெயில் பாலிஷை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வோர் அடுக்கும் நன்றாகக் காய்ந்தபின் அடுத்ததைப் பூசி மறைக்கலாம். ஆனால் சில கிட்டார்களில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை அந்த நெயில் பாலிஷே இளக்கிவிடும். பெயிண்ட் கரைக்கும் தின்னர் பட்டால் கேட்கவே வேண்டாம். எனவே பூச்சு எந்த வகை என்பதைக் கடையில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

துருப்புள்ளியை வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். நாற்புறமும் கடல் சூழ்ந்த உங்கள் ராமேசுவரம் தீவில், குரோம் பூச்சில் விழுந்த சிறு துளை வழியே உப்பீரம் அடியிலுள்ள உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். துணியில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு, மரத்தில் படாமல் துடையுங்கள். இரும்பு நார் மட்டும் வேண்டாம், அதன் துகள்கள் கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. வாசித்து முடித்ததும் கம்பிகளையும் பிரிட்ஜையும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட உறைக்குள் வையுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலோரச் சுவரில் மாட்டி வைப்பது பார்க்க அழகுதான். அடுத்த திருவிழாவுக்குள் கம்பிகளை முறுக்கும் ட்யூனிங் கீகளும் துருப்பிடித்திருக்கும்.