எலும்பு டாக்டர் ஆக உடம்பில் பலம் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் ஒரு பெண், எம்பிபிஎஸ் முடித்துப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன். மேற்படிப்புக்கான நீட் பிஜி எழுதி ஆர்த்தோ, அதாவது எலும்பு மருத்துவம், எடுக்க ஆசை, வீட்டில் "அது ஆம்பளைங்க வேலை, ஸ்கின்னோ கைனகோ எடு" என்கிறார்களாம்.

நான் ஈரோட்டுப் பக்கம் ஆர்த்தோ பார்க்கிறவள், எங்கள் வீட்டிலும் இதே பாட்டுத்தான். "சுத்தி, உளி, ட்ரில்லு... இதுக்குத் தச்சு வேலைக்கே போயிருக்கலாமே அம்மிணி" என்று அம்மிச்சி (அம்மாவைப் பெற்றவர்) கேட்டார். (தப்பில்லை, சாமான்கள் ஏறக்குறைய அதேதான்.)

பலத்துக்கு வருவோம். பிஜி முதல் வருடம், ராத்திரி டியூட்டி. வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்த மஞ்சள் காட்டுக்காரர் ஒருவர், தோள்மூட்டு நழுவியிருந்தது. என்கூட இருந்த இரண்டு பையன்கள், நல்ல ஜிம் உடம்பு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள், அவர் கத்தக் கத்தத் தசை இன்னும் இறுகியதுதான் மிச்சம். அப்புறம் சீனியர் அக்கா வந்து, எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, வலிக்கு ஊசி போடச் சொல்லி, அவரைக் குப்புறப் படுக்க வைத்துக் கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு மணிக்கட்டில் எடை கட்டினார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மஞ்சள் விலை பேசிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும், தசை தானாகத் தளர்ந்தது, லேசாக ஒரு திருப்பு, 'களக்'கென்று மூட்டு உள்ளே போய்விட்டது. அக்கா என்னைவிட ஒல்லி.

தொடை எலும்புக்குக் கம்பி போடும்போது காலை இழுத்துப் பிடிப்பது ட்ராக்ஷன் டேபிள், ட்ரில் பேட்டரியில் ஓடுகிறது. உயரம் பத்தாவிட்டால் காலடியில் ஒரு ஸ்டெப், நானும் அப்படித்தான். அமெரிக்காவில் ரூத் ஜாக்சன் என்ற பெண் 1937-லேயே எலும்பு அறுவை சிகிச்சைக்கான வாரியச் சான்று வாங்கிவிட்டார், அப்போது பேட்டரி ட்ரில் ஏது!

நிஜமான தொல்லை வேறு. ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே பார்ப்போம், அந்தக் கதிரைத் தடுக்கும் லெட் ஏப்ரன் பெரும்பாலும் ஆண்கள் அளவில்தான் தொங்கும், நமக்குத் தொளதொளவென்று அக்குள் பக்கம் திறந்து கிடக்கும், மார்பின் ஓரத்தில் கதிர் படும். உங்கள் அளவுக்குக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். உடம்பில் பட்ட கதிரை அளக்கும் டோஸ் பேட்ஜை அலமாரியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கர்ப்பமானால் உடனே எழுதிக் கொடுங்கள், அதன்பிறகு குழந்தைக்குப் படும் கதிர் 1 மில்லிசீவர்ட்டுக்கு (கதிர் அளவின் அலகு) மேல் போகக்கூடாது என்பது இங்குள்ள விதி.

"பெரிய டாக்டரு எப்ப வருவாருங்க?" என்று நோயாளிகள் என்னிடமே கேட்பார்கள், இன்றும் அது என் காதில் விழுகிறது. ஆனால் மாதவிலக்கு நின்றபின் எலும்பு தேய்ந்து இடுப்பு உடைந்து வரும் பாட்டிகள், சேலையை விலக்கிக் காட்டவேண்டி வரும்போது என் கையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஹவுஸ் சர்ஜன்சி முடிவதற்குள் ஒரு வாரம் ஆர்த்தோ வார்டுக்குப் போய் மாவுக்கட்டு போட்டுப் பாருங்கள். முழங்கை வரை மாவு காய்ந்து, இடுப்பு விட்டுப்போய், மறுநாளும் போகத் தோன்றினால் கவுன்சிலிங்கில் ஆர்த்தோவை முதலில் போடுங்கள். வீட்டில் சொல்வதைச் சீட் கிடைத்தபிறகு பார்த்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்தேன்.