புத்தக வேன் கப்பலேறும் ஊர்

(ஸ்காட்லாந்தின் வடமுனையைத் தாண்டி இருக்கின்றன ஆர்க்னித் தீவுகள். அங்கே கிர்க்வால் நகரில் குடும்பத்தோடு வசிக்கும் நம் பத்தியாளர், இந்த இதழிலும் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: "கல்வி, விளையாட்டு, கலை மூன்றிலும் எங்கள் தீவு நன்றாகச் சாதித்திருக்கிறது" என்று போன இதழில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். மொத்தமே 22,000 பேர் இருக்கிற இடத்தில் அப்படி என்ன சாதனை? – வாசகர், நாகர்கோவில்

பதில்: 22,000 பேரும் ஒரே ஊரில் இருந்தால் நானும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். இங்கே ஏறக்குறைய 70 தீவுகள். அவற்றில் இருபது சொச்சத்தில்தான் மனிதர்கள் இருக்கிறார்கள். சில தீவுகளின் மொத்த ஜனத்தொகையும் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிடும். கிர்க்வாலில் ஒரு நல்ல நூலகம் கட்டிவிட்டால் அது கிர்க்வால்காரனுக்கு மட்டும்தான் நூலகம். கடைசித் தீவில் இருக்கும் பாட்டி கைக்குப் புத்தகம் போய்ச் சேருகிறதா என்பதுதான் என் கணக்கு.

போய்ச் சேருகிறது. இந்த நூலகத்தின் கதை 1683-இல் தொடங்குகிறது. வில்லியம் பெய்க்கி என்பவர் தன் 160 புத்தகங்களைப் பொது உபயோகத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். ஸ்காட்லாந்தின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. 1950-களில் வெளித்தீவு வீடுகளுக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்பும் திட்டம் வந்தது. இப்போது நடமாடும் நூலக வேன் ஒன்று ஓடுகிறது. அதன் பெயர் புக்கி மெக்புக்ஃபேஸ். சிரிக்காதீர்கள். 2016-இல் ஓர் ஆராய்ச்சிக் கப்பலுக்குப் பெயர் வைக்கச் சொல்லி பிரிட்டிஷ் மக்களிடம் கேட்டபோது அவர்கள் 'போட்டி மெக்போட்ஃபேஸ்' ('படகு மூஞ்சி' என்பது மாதிரி ஒரு கிண்டல் பெயர்) என்று ஓட்டுப் போட்டார்கள் இல்லையா, அந்தக் குசும்புதான் இங்கேயும்.

இந்த வேன் கார்களை ஏற்றும் படகில் பின்பக்கமாக ஏறுவதைத் துறைமுகத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் மாடு ஏற்றிய டிரெய்லர், மறுபக்கம் வைக்கோல் கட்டு, நடுவே கதைப்புத்தகங்கள். அலை தூக்கிப்போட்டாலும் சரிந்து விழாதபடி அலமாரித் தட்டுகள் எல்லாம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். தீவில் இறங்கியதும் வண்டி ஒவ்வொரு நிறுத்தமாகப் போகும். பெரிய எழுத்துப் புத்தகங்களை மூதாட்டிகள் முதலில் அள்ளிவிடுவார்கள். 2015-இல் பிரிட்டன் அளவில் 'ஆண்டின் சிறந்த நூலகம்' விருது ஆர்க்னி நூலகத்துக்குக் கிடைத்தது. லண்டன், மான்செஸ்டர் எல்லாம் இருக்கும்போது இந்தக் காற்றடிக்கிற ஊருக்கு! அவர்களுடைய ட்விட்டர் கணக்கின் நக்கலும் அதற்கு ஒரு காரணம் என்று நான் சொல்வேன்.

கேள்வி: எங்கள் பக்கம் மேற்படிப்புக்குக் கடல் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் பெண்பிள்ளைகளைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அங்கே எப்படி? – வாசகி, பாம்பன்

பதில்: நல்ல கேள்வி அம்மா. சாண்டே, ஸ்ட்ரான்சே, வெஸ்ட்ரே மூன்று தீவுகளிலும் 16 வயது வரை உள்ளூரிலேயே படிக்கலாம். அதற்கு மேல் கிர்க்வால் கிராமர் ஸ்கூலுக்கு வர வேண்டும். ஷாபின்சே போன்ற பக்கத்துத் தீவுப் பிள்ளைகள் தினமும் படகில் வந்து போகிறார்கள். தொலைவில் இருப்பவர்களுக்குப் பாப்டேல் என்ற விடுதியைக் கவுன்சிலே (எங்கள் உள்ளாட்சி மன்றம்) நடத்துகிறது. 2010-களின் தொடக்கத்தில் பள்ளிக்கும் விடுதிக்கும் புதுக் கட்டடம் கட்டினார்கள். பள்ளிக்குள்ளேயே ஒரு நாடக அரங்கமும் வைத்தார்கள். சாயங்காலமானால் அது ஊர் ஜனங்களுக்கும் அரங்கம்.

வெள்ளிக்கிழமை மாலை துறைமுகத்துக்கு வந்தால் விடுதிப் பிள்ளைகளைப் பார்க்கலாம். அழுக்குத் துணி மூட்டை ஒரு கையில், ஃபிடில் பெட்டி இன்னொரு கையில், வாயில் சிப்ஸ். வாரம் முழுக்க விடுதி, வாரக்கடைசி வீடு. மூடுபனி வந்தாலோ கடல் கொந்தளித்தாலோ போக முடியாது. அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் பெண்ணென்று நிறுத்தி நான் பார்த்ததில்லை. பயலுகள்தான் சில பேர் 16 வயதில் படகு, பண்ணை என்று கிளம்பிவிடுகிறார்கள்.

இன்னொன்று: வாத்தியார்கள் பிள்ளைகளைத் தேடிப் போவது. சங்கீதம், உடற்பயிற்சி மாதிரிப் பாடங்களுக்கு ஒவ்வொரு தீவிலும் ஓர் ஆசிரியரை வைக்கக் கட்டுப்படியாகாது. அதனால் அவர்கள் படகிலும் குட்டி விமானத்திலும் தீவு தீவாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கேள்வி: 2025-இல் அங்கே தீவுகளுக்கான விளையாட்டுப் போட்டி நடந்ததாமே? ஒலிம்பிக்ஸ் மாதிரியா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: ஒலிம்பிக்ஸ் மாதிரி என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒலிம்பிக்ஸை விட இதுதான் நன்றாக இருக்கிறதாம்! 1985-இல் மேன் தீவில் தொடங்கியது இந்தத் தீவு விளையாட்டுகள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும். ஜூலை 12 முதல் 18 வரை முதன்முறையாக ஆர்க்னியில் நடந்தது. 24 தீவு அணிகள், 12 விளையாட்டுகள். பெர்முடா, கேமன், ஃபாக்லண்ட், செயின்ட் ஹெலினா என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். கிரீன்லாந்தும் வந்தது, சில நூறு பேர் மட்டுமே வாழும் சார்க்கும் வந்தது. இரண்டும் ஒரே பட்டியலில்!

சரி, இவ்வளவு பேரை எங்கே தங்கவைப்பது? இருக்கிற விடுதி அறைகளைச் சுற்றுலாப் பயணிகளே நிரப்பிவிடும் ஜூலை மாதம் அது. பள்ளி விடுமுறை என்பதால் வகுப்பறைகளைத் தங்குமிடமாக்கினார்கள். தன்னார்வலர் கூட்டத்தில் நானும் ஒருவன். எனக்கு வந்த வேலை ரொம்ப எளிது: கட்டில் விரிப்பது, துண்டு எடுத்துக் கொடுப்பது, "பஸ் எங்கே நிற்கும்?" என்ற கேள்விக்கு நூறு தரம் பதில் சொல்வது. பெருக்கல் வாய்ப்பாடு ஒட்டியிருந்த சுவருக்குக் கீழே ஆறடிக்கு மேல் உயரமான ஒரு நீச்சல்காரர் மடக்குக் கட்டிலில் கால் வெளியே நீட்டியபடி தூங்கினார். ஒரு முணுமுணுப்பு இல்லை.

தொடக்க விழாவில் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வோர் அணியும் தன் தீவிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்ற வேண்டும். நம் ஊர்க் கும்பாபிஷேகத்துக்குப் பல நதித் தீர்த்தம் கொண்டுவருவார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்றவரிடம் விளக்கப் பார்த்தேன். பேண்டு வாத்தியச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை.

ஓட்டப்பந்தயங்கள் பிக்கக்குவாய் விளையாட்டு மையத்தில் நடந்தன. ஊரில் செல்லமாகப் பிக்கி. 1999-இல் திறந்தது, நீச்சல் குளம் 2013-இல் சேர்ந்தது. இந்த ஏழு நாள் கூத்துக்காக யாரும் பெரிய ஸ்டேடியம் எதையும் கட்டவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. அந்த வாரம் கேமன்காரர்கள் ஓடிய அதே தடத்தில்தான் என் பையன் சாதாரண நாளில் ஓடுகிறான், பெரும்பாலும் மழையில். அடுத்த போட்டி 2027-இல், ஃபரோ தீவுகளில்.

கேள்வி: 5,000 வருடப் பழைய கட்டடங்களைத் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி மண்போட்டு மூடிவிட்டார்களாம். பைத்தியக்காரத்தனம் இல்லையா? – வாசகர், மதுரை

பதில்: கீழடிக்குப் பக்கத்திலிருந்து கேட்கிறீர்கள், உங்கள் ஆதங்கம் புரிகிறது. நெஸ் ஆஃப் பிராட்கர் என்ற அந்த இடத்தில் இருபது வருடம் தோண்டினார்கள். 2024 ஆகஸ்டில் முடித்துக்கொண்டார்கள். அங்கே இருக்கும் கல் அடுக்கடுக்கான ஒரு வகை. காற்றும் மழையும் பட்டால் ஏடு ஏடாக உரிந்து போகும். திறந்து வைத்தால் நாம் பார்க்கலாம், நம் பேரப்பிள்ளைகள் பார்க்க முடியாது. ஆகவே மூடினார்கள்.

தோண்டிய காலத்தில் கோடை தோறும் பார்வையாளர்களை விட்டார்கள், இலவச விளக்கத்தோடு. வர்ணம் பூசிய சுவர்க்கல், கல் ஓடு வேய்ந்த கூரை, ஒரு பெரிய கட்டடத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான மாடுகளின் எலும்பு என்று என்னென்னவோ கிடைத்தன. எனக்கு மறக்காதது ஒரு பானை ஓடு. 2021-இல் அதில் குயவரின் விரல் ரேகையைக் கண்டுபிடித்தார்கள். களிமண் ஈரமாக இருக்கும்போது அழுத்திய விரல்! இனி பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் வேலை. கண்டெடுத்ததை எழுதி முடிக்கவே பல வருடம் ஆகும்.

கேள்வி: இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கோவைக்காரர் சரியாகக் கேட்டீர்கள். எல்லாக் கவுன்சிலுக்கும் வருவது போல் ஸ்காட்லாந்து அரசின் மானியம், வீட்டு வரி. அதோடு 1970-களில் வடகடல் எண்ணெய் ஃப்ளோட்டா தீவில் வந்திறங்கத் தொடங்கியபோது, அதில் கிடைத்த வருமானத்தைக் கவுன்சில் செலவழித்துத் தீர்க்காமல் தனி நிதியாகச் சேர்த்து வைத்தது. கெட்டிக்காரத்தனம்.

கேள்வி: குறையே கிடையாதா? – வாசகி, திருச்சி

பதில்: படகுகள். தீவுகளுக்கு இடையே ஓடும் படகுகளில் பல என் கல்யாணத்தைவிடப் பழசு. புது விளையாட்டு மையம், அருங்காட்சியகம் என்று எதைத் திறந்தாலும், அன்றைக்குப் படகு ரிப்பேர் என்றால் வெளித்தீவுக்காரருக்கு அது இல்லாத மாதிரிதான். 22 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2022 ஜனவரி முதல் ஸ்காட்லாந்து முழுக்கப் பஸ் இலவசம். நல்ல திட்டம்தான். ஆனால் கடலில் பஸ் ஓடாதே!

கேள்வி: ரெண்டு நிமிட விமானப் பயணம் உங்கள் தீவில் இருக்கிறது என்கிறார் என் நண்பர். கதைதானே? – வாசகர், சேலம்

பதில்: நிஜம். வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு. தூரம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. காற்று ஒத்துழைத்த ஒரு தடவை 53 விநாடியில் போய் இறங்கியிருக்கிறார்கள். எட்டுப் பேருக்குத்தான் இடம் என்பதால் முன்பதிவு செய்துகொண்டு வாருங்கள். ஒருவருக்குப் பைலட் பக்கத்து இருக்கை கிடைக்கும். அதற்கு என்னோடு போட்டி போட வேண்டியிருக்கும்.