ஊர் ஏரியும் விக்கிப்பீடியாவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விக்கிப்பீடியாவைச் சான்றாகக் காட்டக்கூடாது என்று மகளின் கல்லூரியில் சொல்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் எப்படி நம்புவது? எங்கள் ஊர் ஏரியைப் பற்றிய தமிழ்க் கட்டுரையில் மதகுகளின் எண்ணிக்கையே தவறு. பல வருடங்களாக அப்படியே இருக்கிறது.

ராமலிங்கம்

அன்புள்ள ராமலிங்கம்,

கல்லூரி சொல்வது சரி. கலைக்களஞ்சியம் எதுவானாலும் படிக்கத் தொடங்கும் இடம்தான். நம்பகத்தன்மையைப் பற்றி 2005இல் ‘நேச்சர்’ இதழ் அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகள், பிரிட்டானிக்காவில் மூன்று. பிரிட்டானிக்கா அதை மறுத்தது. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

உங்கள் கடைசி வரிதான் என்னைக் கோபப்படுத்துகிறது. பக்கத்தின் மேலேயே ‘தொகு’ என்று இருக்கிறதே, ஏன் தொடவில்லை? பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் நூலகத்தில் பக்தியோடு புரட்டியவன் நான். அதில் ஒரு பிழையைக் கண்டால் வாசகன் செய்வதற்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு வழி இருந்தும் வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள்.

பிழையைவிட அது சான்று தேடிக்கொள்ளும் விதம்தான் சில காலமாக என்னை உறுத்துகிறது. 2009 பிப்ரவரியில் குட்டன்பெர்க் ஜெர்மனியின் பொருளாதார அமைச்சரானார். பிரபு குடும்பம், பெயரே ஒரு வரிசை. பதவியேற்பதற்குச் சற்று முன்பு யாரோ ஒருவர் விக்கிப்பீடியாவில் அந்த வரிசைக்குள் ‘வில்ஹெல்ம்’ என்று ஒன்றைச் செருகிவிட்டார். பில்ட் நாளிதழ் முதல் பக்கத்திலேயே அந்தப் பெயரை அச்சிட்டது. ஷ்பீகல் வார இதழின் இணையதளமும் எழுதியது. விக்கிப்பீடியர்கள் சந்தேகப்பட்டுச் சான்று கேட்டபோது காட்டப்பட்டது எது தெரியுமா? ஷ்பீகலில் வந்த அதே செய்தி! அந்தப் பொய் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், சான்றாகத் திரும்பி வந்துவிட்டது. செருகியவரை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்திருக்கக்கூடிய செய்தியாளர்களை மன்னிக்கவே மாட்டேன்.

உங்கள் ஏரிக்கும் இது நடக்கலாம். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஏரி நிரம்பிய செய்தி வரும். அவசரத்தில் எழுதுபவர் மதகுக் கணக்கை விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்திருப்பார். பிறகு அந்தச் செய்தியே கட்டுரையின் அடிக்குறிப்பாகும். கரையில் நடந்து மதகுகளை எண்ணியவர் நீங்கள் என்பது விக்கிப்பீடியாவில் செல்லாது; அங்கே வெளியான சான்றுதான் வேண்டும். அது நியாயமில்லை என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் வருத்தம்தான்.

மகளையும் அழைத்துக்கொண்டு நூலகத்தில் மாவட்டத்தின் விவரங்களைத் தொகுத்த அரசு நூலான கெசட்டியரைப் பாருங்கள். நீர்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். அதுவரை அந்த வரியில் ‘சான்று தேவை’ என்று குறியிடுங்கள். யாராவது நாளிதழ்ச் செய்தியைக் கொண்டுவந்தால், கட்டுரையில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து அந்த எண் நுழைந்த தேதியைப் பாருங்கள். செய்தி அதற்குப் பிந்தியது என்றால், வேறு சான்று கேளுங்கள்.