உள்வீட்டு இருட்டு

கேள்வி: உச்சி வெயிலில் வளவில் நின்றுவிட்டு ஆயா வீட்டுச் சாமான் அறைக்குள் நுழைந்தேன், ஒன்றுமே தெரியவில்லை. ஆயாவோ நேரே போய்ப் பித்தளைத் தூக்கை எடுத்து வந்துவிட்டார்கள். எண்பது வயதுக் கண் என் கண்ணைவிட நல்ல கண்ணா?
- வாசகி, காரைக்குடி

பதில்: கண் இல்லை, கை! ஆயாவுக்கு அந்த அறையில் எது எங்கே இருக்கிறதென்று கைக்கே தெரியும். உண்மையில் வயதாக ஆக இருட்டு பழக இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

விழித்திரையில் வெளிச்சத்தை உணர்கிற செல்கள் முக்கியமாக இரண்டு வகை. பகலுக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள், ஏறக்குறைய 60 லட்சம். மங்கலுக்குக் குச்சி செல்கள், சுமார் 12 கோடி. குச்சி செல்லின் நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதே சாமான் அறையில் சீர்த்தட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்களே, அது மாதிரி சுமார் ஆயிரம் மெல்லிய தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். தட்டு முழுக்க ரோடாப்சின் என்ற புரதம், அதற்குள் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ரெட்டினால் வளைந்து உட்கார்ந்திருக்கும். ஒளி பட்டதும் அது நிமிர்ந்துவிடும், அவ்வளவுதான், செய்தி கிளம்பிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்த செல் இருட்டில்தான் ஓயாமல் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைக் கொட்டிப் பேசிக்கொண்டே இருக்கும், வெளிச்சம் வந்தால் வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனத்தைத்தான் மூளை வெளிச்சம் என்று எடுத்துக்கொள்கிறது.

வளவு வெயிலில் ஏராளமான ரெட்டினால் நிமிர்ந்து போயிருக்கும். நிமிர்ந்ததைப் பின்னாலிருக்கும் நிறமிப் படலத்துக்கு அனுப்பி, வளைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கூம்புகள் பத்து நிமிடத்துக்குள் தேறிவிடும், குச்சிகள் முழுசாகத் தேற அரை மணி நேரம்கூட ஆகும். கண்மணி சட்டென்று விரியும்தான், ஆனால் அதனால் கிடைப்பது கொஞ்சம்.

அடுத்த முறை வளவில் நிற்கும்போதே ஒரு கண்ணைக் கையால் நன்றாகப் பொத்திக்கொள்ளுங்கள், கால் மணி நேரமாவது. உள்ளே போய்க் கையை எடுத்தால் அந்தக் கண்ணுக்கு மட்டும் தூக்கு தெரியும். ஆயா சிரிப்பார்கள், பரவாயில்லை.

கேள்வி: எங்கள் முகப்பில் போட்ட ஆத்தங்குடிக் கல்லில் சிவப்புப் பூ பொழுது சாய்ந்தால் கறுப்பாகத் தெரிகிறது. சாயம் மட்டமோ?
- வாசகர், கண்டனூர்

பதில்: கல் போட்டவரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்! அந்தி மங்க மங்கக் குச்சி செல்கள் பொறுப்பேற்கும், அவை சிவப்பைக் கண்டுகொள்வதே அரிது. அதனால் சிவப்பு முதலில் கறுக்கும், பச்சையும் நீலமும் இன்னும் கொஞ்ச நேரம் வெளிறித் தெரியும். இதற்குப் பர்கின்ஜி விளைவு என்று பெயர். விளக்கைப் போட்டுப் பாருங்கள், பூ பழையபடி சிவந்துவிடும்.