இரண்டு ரூபாயில் தொடங்கும் சேகரிப்பு: தீப்பெட்டிப் படங்கள் குறித்துக் கேள்வி பதில்

அதிகச் செலவில்லாமல் எதைச் சேகரிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் பல ஆண்டுகளாகத் தீப்பெட்டியையே கைகாட்டி வருகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): அஞ்சல்தலை, நாணயம் இரண்டையும் முயன்று பார்த்தேன், கையைக் கடித்தது. தீப்பெட்டியில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: அஞ்சல்தலையையும் நாணயத்தையும் அரசு வெளியிடுகிறது. அவற்றுக்கு முறையான பட்டியல் உண்டு. எது அரியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுவதால் அதன் விலையும் ஏறிவிடுகிறது. தீப்பெட்டிக்கு முழுமையான பட்டியல் எவரிடமும் இல்லை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் வட்டாரங்களின் சிற்றாலைகள், வடமாநிலச் சந்தைகளையும் மனத்தில் வைத்து, எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கும்படி மயில், யானை, சாவி, தாமரை என்று அச்சிட்டுக்கொண்டே இருந்தன. ‘கப்பல் மார்க் கொடுங்கள்’ என்று கடையில் கேட்கும் பழக்கம் அப்படி வந்ததுதான். ஆகவே நீங்கள் நாளை ஒரு பெட்டிக்கடையில் இரண்டு ரூபாய் கொடுத்து வாங்கும் பெட்டி, என்னிடம் இல்லாத ஒன்றாக இருக்கக்கூடும். வேறு எந்தச் சேகரிப்பிலும் புதியவருக்கு இந்த வாய்ப்பு எளிதில் அமைவதில்லை.

கேள்வி (வங்கி ஊழியர், மதுரை): கிடைப்பதையெல்லாம் சேர்க்கலாமா, ஏதாவது ஒரு வகையை மட்டும் சேர்க்கலாமா?

பதில்: முதல் நூறு வரை கிடைப்பதையெல்லாம் சேருங்கள், அதற்குள் உங்கள் கண் எதன்மீது நிற்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதன்பின் எல்லை வகுக்காவிட்டால் அது சேகரிப்பாக இராது, குவியலாகிவிடும். பறவைகள் மட்டும், ஒரே ஊரில் தயாரானவை மட்டும் என்று எப்படியும் வகுக்கலாம்.

என் விருப்பம் போலிகள். ஒரு படம் சந்தையில் நன்றாக விற்றால், அதே நிறம், அதே எழுத்துரு, அதே கட்டம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, பெயரில் ஓர் எழுத்தையோ படத்தில் ஒரு விலங்கையோ மட்டும் மாற்றி வேறொருவர் அச்சிட்டுவிடுவார். மூலத்தை நடுவில் ஒட்டி, சுற்றிலும் அதன் சாயல்களை ஒட்டினால், அந்த ஒரு பக்கமே வணிகப் போட்டியின் கதையைச் சொல்லும். எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தினர் வேறு எந்தப் பக்கத்திலும் இவ்வளவு நேரம் நிற்பதில்லை.

கேள்வி (பள்ளி ஆசிரியை, தூத்துக்குடி): பெட்டியில் ஆண்டு அச்சிடப்படாவிட்டால் அதன் காலத்தை எவ்வாறு அறிவது?

பதில்: முதலில் விலையைப் பாருங்கள். ஐம்பது காசாக இருந்த பெட்டி 2007இல் ஒரு ரூபாயாகி, பதினான்கு ஆண்டுகள் அசையாமல் நின்று, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயானது. ஆகவே ஒரு ரூபாய் என்று அச்சிட்ட பெட்டி பெரும்பாலும் அந்த இடைக்காலத்தைச் சேர்ந்தது.

அடுத்து, பெட்டி எதனால் ஆனது என்று பாருங்கள். மெல்லிய மரச்சீவலை மடித்து, மேலே தாளில் அச்சிட்ட படத்தை ஒட்டியது பழைய முறை. அட்டையிலேயே நேரடியாக அச்சிடுவது பின்னால் வந்தது. அதற்கும் முந்திய காலத்தில் தீப்பெட்டிகள் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இங்கே இறக்குமதியாயின. நம் தெய்வங்களின் உருவத்தோடு ‘ஜப்பானில் தயாரானது’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட படம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் சிவகாசியில் ஆலை தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் படம் வேண்டியிருந்ததால்தான் அவ்வூரில் அச்சுத்தொழிலும் வேரூன்றியது. சென்னையில் மெட்ரோ ரயிலில் ‘விம்கோ நகர்’ என்று அறிவிக்கக் கேட்பவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு தீப்பெட்டி நிறுவனத்தின் பெயர் என்று தெரியும்?

கேள்வி (இல்லத்தரசி, கோவை): படத்தைக் கிழியாமல் எடுப்பது எப்படி?

பதில்: மரப்பெட்டியாக இருந்தால், வெதுவெதுப்பான நீரில் பெட்டியை மிதக்கவிடுங்கள், பசை இளகித் தாள் தானாக விலகும்வரை பொறுத்திருங்கள், நகத்தால் நெம்பாதீர்கள். பழைய சிவப்பு மை சில சமயம் நீரில் கசியும் என்பதால், முதலில் ஓர் ஓரத்தில் ஈரப்பஞ்சால் ஒற்றிப் பார்த்துவிடுவது நல்லது. எடுத்த தாளை எழுத்தில்லாத வெள்ளைத் தாள்களுக்கு இடையே வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி உலர்த்த வேண்டும். செய்தித்தாளின் மை ஒட்டிக்கொள்ளும். அட்டைப்பெட்டிக்குத் தண்ணீரே ஆகாது. ஒட்டிய விளிம்பை மெல்லிய கத்தியால் பிரித்து, வெளிக்கூட்டை அப்படியே விரித்துத் தட்டையாக்குங்கள். உரசும் பக்கத்தை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

ஏட்டில் பசை போட்டு ஒட்டவே கூடாது. தொடக்கத்தில் நான் அப்படி ஒட்டிய நாற்பது படங்கள் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப் போயின. அஞ்சல்தலைக்காரர்கள் பயன்படுத்தும் ஒளிபுகும் உறையோ, நான்கு மூலைகளிலும் செருகும் தாள்மூலையோ போதும்.

கேள்வி (தந்தை, சேலம்): ஒன்பது வயது மகன் ஆசைப்படுகிறான். ஆபத்தில்லையா?

பதில்: குச்சியோடு பெட்டியை அவன் கையில் கொடுக்காதீர்கள். குச்சியின் மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸும் இருக்கின்றன. இரண்டும் உரசினால்தான் தீ. ஆகவே குச்சிகளைச் சமையலறை டப்பாவில் கொட்டிக்கொண்டு, காலிக் கூட்டை மட்டும் அவனுக்குக் கொடுங்கள். முழுப் பெட்டிகளாகச் சேமிக்கும் பெரியவர்களுக்கும் என் யோசனை இதுவே.

கேள்வி (ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்): இதைப் பின்னால் விற்றால் பணம் வருமா?

பதில்: வரும் என்று நம்பித் தொடங்காதீர்கள். பழைய வெளிநாட்டுப் படங்களுக்கு வாங்குவோர் உண்டு. நம் காலத்துப் பெட்டிகளைப் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். இரட்டையாகக் கிடைப்பவற்றை இதற்காகவே தனியே எடுத்து வையுங்கள்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், பெங்களூரு): கடையில் எப்போதும் அதே நான்கு வகைதான் இருக்கிறது. வேறு எங்கே தேடுவது?

பதில்: பெரிய அங்காடியை விடுங்கள். பேருந்து நிலையத் தேநீர்க்கடை, கோயில் வாசலில் கற்பூரம் விற்பவர், பீடி விற்கும் பெட்டிக்கடை இவற்றில் பாருங்கள். வெளிமாநிலம் செல்லும் நண்பர்களிடம் இனிப்புக்குப் பதிலாக அவ்வூர்த் தீப்பெட்டி ஒன்று கேளுங்கள். அதன் பக்கவாட்டைத் திருப்பிப் பார்த்தால் பல சமயம் கோவில்பட்டி என்றே எழுதியிருக்கும். மொத்த வியாபாரியிடம் பழகிவைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு: பத்துப் பத்தாகக் கட்டும் பொட்டலத்தின் மேல் ஒட்டிய பெரிய படத்தை அவர் குப்பையில்தான் போடுகிறார். சிறிய படத்தில் தெரியாத நுணுக்கமெல்லாம் அதில் தெரியும்.